ஏழாம் மாடியில் இரண்டு பிள்ளைகள்

இரண்டாவது மகள் பிறந்தபோது எனக்கு ரத்த அழுத்தம் ஏறி, இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தேன். நானே ஒரு நர்ஸ். அப்படிக் கிடந்தவர்களில் சிலர் கண் திறக்காமலே போனதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். அதனால் வீட்டுக்கு வந்த பிறகும் பயம் என்னை விடவில்லை. நாலு படி ஏறினால் நெஞ்சு படபடக்கும். உடனே மணிக்கட்டில் விரல் வைத்து நாடியை எண்ணுவேன். பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதுகூட எண்ணிக்கொண்டிருப்பேன்.

கல்லூரியில் நான் ஐயாயிரம் மீட்டர் ஓடியவள். அந்தக் கால்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. குழந்தைக்கு எட்டு மாதமானதும் டாக்டரிடம் கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக ஓடலாம் என்றார். வளைகுடாவில் நாங்கள் இருந்த ஃபஹாஹீல் ஊரில் எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே கடற்கரை நடைபாதை. காலை ஐந்தேகாலுக்கு இறங்குவேன். என் கணவருக்கு எண்ணெய் வயலில் வேலை. ஆறேகாலுக்குத் தெருமுனையில் கம்பெனி பஸ் வந்துவிடும். நான் ஓடி முடித்துக் கட்டடத்தின் கீழே வந்ததும் போன் செய்வேன், அவர் இறங்குவார். இரண்டு லிஃப்ட் இருந்ததால் ஒருவரையொருவர் பார்க்காமலே மாறிப் போகும் நாட்களும் உண்டு. அந்த ஒரு நிமிடம் பிள்ளைகள் தூக்கத்தில் இருப்பார்கள்.

மூன்றாவது வாரம். மார்ச் மாதம், வெயில் இன்னும் கடுமையாகவில்லை. அன்று மூச்சு நன்றாக ஒத்துழைத்தது. வழக்கமாகத் திரும்பும் இடத்தைத் தாண்டி ஓடினேன். பிள்ளை பெற்ற பிறகு முதல் முறையாக என் உடம்பு எனக்கே திரும்பக் கிடைத்ததுபோல் இருந்தது. மணியைப் பார்க்க மறந்தேன்.

போன் அடித்தது. "எங்க நிக்க? பஸ் இன்னிக்கு சீக்கிரமே வந்துட்டு. டிரைவர் ஹாரன் அடிக்கான்."

வீட்டுக்கு இன்னும் பத்து நிமிட ஓட்டம் இருந்தது. போன வாரம்தான் ஒரு நாள் என்னால் பஸ்ஸைத் தவறவிட்டு, ஃபோர்மேனிடம் திட்டு வாங்கியிருந்தார். "கீழதான் நிக்கேன். நீங்க இறங்குங்க" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. வேகமாக ஓடினால் ஏழு நிமிடத்தில் போய்விடலாம் என்று நினைத்தேன். வேகத்தைக் கூட்டி இருநூறு அடி போயிருக்க மாட்டேன். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று துள்ளியது. பிறகு தாளம் தப்பி அடிக்க ஆரம்பித்தது. கண்முன் கறுப்புப் புள்ளிகள். நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். நாடியை எண்ணப் பார்த்தேன், எண்ணிக்கை பிடிபடவில்லை.

அப்போதுதான் நான் செய்தது முழுசாக உறைத்தது. நான் இங்கேயே விழுந்தால், மேலே நாலு வயதுப் பிள்ளையும் கைக்குழந்தையும் தனியாக இருப்பது ஒருவருக்கும் தெரியாது. அவர்களோடு நான் இருக்கிறேன் என்று நம்பித்தான் அவர் பஸ் ஏறியிருக்கிறார். அவருக்குப் போன் செய்தேன். அடித்து அடித்து நின்றது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். பக்கத்து ஃப்ளாட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

ஓடினால் நெஞ்சு நின்றுவிடும் என்று பயம். உட்கார்ந்திருந்தால் அதைவிடப் பயம். எழுந்தேன். முதலில் நடந்தேன், பிறகு ஓடினேன். "மாதாவே, வாசல்வரைக்கும் போதும்" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு ஓடினேன்.

லிஃப்டிலிருந்து வெளியே வந்தபோது எங்கள் கதவு அகலத் திறந்து கிடந்தது. தொட்டிலில் சின்னவள் முகம் சிவக்க அலறிக்கொண்டிருந்தாள். பெரியவளைக் காணோம். கட்டிலுக்கு அடியில் இல்லை. குளியலறையில் இல்லை. திரைச்சீலைக்குப் பின்னால் இல்லை. பால்கனிக் கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. அதைத் திறந்து கம்பியைப் பிடித்துக் கீழே பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு போய், கம்பியைப் பிடித்த பிறகு திறந்தேன். கீழே கார்கள் மட்டும் நின்றன.

லிஃப்ட் திறக்கும் சத்தம் கேட்டது. எங்கள் கட்டடக் காவலாளியான எகிப்துக்காரர், என் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். அவள் காலில் செருப்பில்லை. "மாமா மாஃபி! மாமா மாஃபி!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். அம்மா இல்லை என்று பிள்ளை அழுததைச் சொல்கிறார். தெருக்கதவைத் தாண்டி ரோட்டில் கால் வைத்தவளைப் பிடித்திருக்கிறார் என்பதைக் கையைக் காட்டிக் காட்டி விளக்கினார். அதற்குப் பிறகு அரபியில் திட்டிய திட்டில் எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. தலைகுனிந்து வாங்கிக்கொண்டேன்.

"ஐ வென்ட் டு ஃபைண்ட் யூ, அம்மா" என்றாள் மகள்.

மாலை அவர் வந்ததும் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "பஸ் போனா போட்டும்னு நின்னுருப்பேம்லா? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?" என்றார்.

"பயந்துட்டேன்."

"ஆருக்கு? எனக்கா?"

மறுநாள் அவரே லீவு போட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இதயத்தில் கோளாறு இல்லை, ரத்தத்தில் இரும்புச்சத்து மிகவும் குறைவு என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். திரும்பி வரும்போது, "ஓடாண்டாம்னு நான் சொல்லல. எங்க நிக்கன்னு மட்டும் உள்ளதச் சொல்லு" என்றார்.

இப்போது அவருக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஓடுகிறேன். போன மாதம் பத்து கிலோமீட்டர் ஓடி முடித்தேன். பயம் போய்விட்டது என்று சொன்னால் அதுவும் பொய். கடைசித் திருப்பத்தில், வீட்டுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறேன் என்று நினைத்ததும் மணியைப் பார்ப்பேன்.

நான் ஷூ மாட்டும்போது பெரியவள் வந்து வாசலில் நிற்பாள். "ஹவ் மெனி மினிட்ஸ்?" என்பாள். மனதில் நாற்பது இருந்தால், சொன்ன நேரம் தவறக் கூடாதென்று ஐம்பது என்று சொல்வேன். அவள் இப்போது கடிகாரம் பார்க்கப் பழகிவிட்டாள்.