அளவுச் சட்டை

விருத்தாசலத்தில் ஒரு பெண் உல்லன் நூல் வாங்கினால் அதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். வாசலுக்குத் தோரணம் பின்னப் போகிறாள், அல்லது பிறக்கப்போகும் குழந்தைக்குத் தொப்பி. என் வயதைப் பார்த்தவர்கள் இரண்டாவதைத் தாங்களாகவே தள்ளுபடி செய்துவிடுவார்கள். அதனால் சித்திரை மாதத்து மதியம் ஒன்றில், ஆள் போடுகிற முழு ஸ்வெட்டருக்கு நூல் வேண்டும் என்று நான் கேட்டபோது கடைக்கார பாய் எழுந்து போய் மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். வெயில் என் தலைக்குள் போய்விட்டதென்று நினைத்திருக்க வேண்டும்.

கடைவீதியில் இருக்கும் சின்ன ஃபேன்ஸி ஸ்டோர் அது. முன்பக்கம் ஜிப், லேஸ், ஜாக்கெட் கொக்கி, வளையல். பின்பக்கம் ஒரு கண்ணாடி அலமாரி நிறைய உல்லன் உருண்டைகள். நிறங்கள் எல்லாம் தோரணத்துக்கென்றே வந்தவை: கிளிப்பச்சை, ராணி ரோஸ், பார்த்தால் கண் கூசும் மஞ்சள். எங்கள் தெருவில் பாதி வாசல்களில் அந்தத் தோரணம் தொங்குகிறது. இரண்டு பக்கமும் கிளி, நடுவில் குஞ்சம், குஞ்சத்துக்கு மேலே கண்ணாடிச் சில்லு. நாலு புத்தகம் படித்தவள் என்ற கர்வத்தில் அந்தக் கிளிகளை நான் பல வருடங்களாகக் கேலி செய்து வந்திருக்கிறேன். உள்ளே வருகிறவர் தலையில் குஞ்சம் தட்டுவதற்குப் பெயர் வரவேற்பா என்று கேட்பேன். பதிலுக்கு யாரும் கோபப்பட்டதில்லை. அவர்கள் வீடுகளுக்கு ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

ஸ்வெட்டர் என் வீட்டுக்காரருக்கு. அவர் இங்கே ஒரு செராமிக் யூனிட்டில் சூளைப் பக்கம் வேலை பார்த்தார். ஊரே வெயிலில் வேகும்போது அவர் அதற்கு மேல் சூளையிலும் வெந்து வீட்டுக்கு வருவார். சட்டையைத் தொட்டால் அப்போதுதான் இஸ்திரி போட்டதுபோல இருக்கும். ஆர்டர் குறைந்து யூனிட் ஒரு ஷிப்டாகச் சுருங்கியபோது வளைகுடாவுக்குப் போனார். உலகத்திலேயே சூடான தேசம் ஒன்றைத் தேடிப் போய், அங்கே உறைந்த மீனும் கோழியும் அடுக்கி வைக்கிற குளிர்கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். சூளைக்காரரை ஐஸ் பெட்டிக்குள் வைத்த அந்தக் கம்பெனிக்கு என்னைவிட நகைச்சுவை உணர்வு அதிகம்.

முதலில் வெளியே பில் போடுகிற வேலைதான். இந்த வருடம் உள்ளே மாற்றிவிட்டார்கள். கம்பெனி ஒரு தடித்த கோட்டு கொடுத்திருக்கிறது. அதற்குள்ளேயும் குளிர் வருகிறது என்று ஒருநாள் போனில் சொன்னார். போன நாளிலிருந்து எதையும் கேட்காத மனிதர், "உள்ள போட்டுக்கறாப்பல ஒரு ஸ்வெட்டர் பின்னித் தர முடியுமா?" என்றார். அங்கே கடையில் கிடைக்காதா என்று நான் கேட்கவில்லை. கிடைக்கும் என்று அவருக்கும் தெரியும்.

எனக்குப் பின்னத் தெரியும். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் தையல் வகுப்பில் கட்டாயமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். வியர்வையில் ஊசி வழுக்க வழுக்க நாங்கள் பத்தாம் வகுப்புவரை மப்ளர் பின்னினோம். எங்களை எந்தப் பனிமலைக்கு அனுப்பப் போகிறார்கள் என்று அப்போது புரியவில்லை.

பாய் சொன்னார், ஆம்பளை போடுகிற நிறத்தில் நூல் அலமாரியில் இல்லை, சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும் என்று. ஆஷ் கலர் சொன்னேன். "அது துக்கமா இருக்குமேம்மா, ஒரு மெரூன் போடேன்" என்றார். கோட்டுக்குள்ளே போடுவதை மீன்களா பார்க்கப் போகின்றன என்றேன். ஒரு வாரத்தில் நூல் வந்தது. எல்லா உருண்டையிலும் ஒரே லாட் எண் இருக்கிறதா என்று நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு தொட்டியில் சாயம் போட்டது இன்னொரு தொட்டியோடு சேராது. பின்னிய பிறகு நெஞ்சில் கோடு போட்டதுபோலத் தெரியும். ஒரு சூளையில் வெந்த ஜாடியின் நிறம் அடுத்த சூளையில் வராது என்று வீட்டில் ஒருவர் சொல்லிச் சொல்லி, இந்தப் பாடத்தை நான் உல்லன் வாங்குவதற்கு முன்பே படித்திருந்தேன்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மொத்த நூலையும் ஒரே நாளில் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. "எடுத்து வைங்க பாய்" என்றால் ஒரு பையில் போட்டு, ரப்பர் பேண்ட் மாட்டி, மேல் தட்டில் வைத்துவிடுவார். தேவைப்படும்போது ஒன்றிரண்டாக வாங்கிக்கொள்ளலாம். நான் வேண்டுமென்றே ஒவ்வொன்றாக வாங்கினேன். நூல் முடிந்தால் கடைக்குப் போகலாம். கடைக்குப் போனால் அவரைப் பற்றி யாரிடமாவது பேசலாம். வீட்டில் பேசினால் பிரிட்ஜ்தான் கேட்கும்.

அளவுதான் சிக்கல். தையல்காரரிடம் துணி கொடுக்கும்போது அளவுச் சட்டை ஒன்று கொடுப்போம் அல்லவா, அதுபோல பீரோவிலிருந்து அவர் கடைசி லீவில் விட்டுப்போன சட்டையை எடுத்தேன். ஆனால் அதற்குப் பிறகு வருடங்கள் போயிருந்தன. லீவு ஒருமுறை தள்ளிப்போனது, பிறகு இன்னொரு முறை. போனில் கேட்டேன். "நல்லா குண்டாயிட்டேன், மெஸ்ஸு சாப்பாடு அப்படி" என்றார். வீடியோவிலும் முகம் உப்பலாகத்தான் தெரிந்தது. அவர் போனைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு பேசுகிறவர். எனக்கு அவர் என்றால் ஒரு முகமும், அதற்குப் பின்னால் சுற்றுகிற ஒரு மின்விசிறியும்தான். கழுத்துக்குக் கீழே அவர் எப்படி இருக்கிறார் என்பது வெறும் செவிவழிச் செய்தி. அந்தச் செய்தியை நம்பி, அளவுச் சட்டையைவிட இரண்டு அங்குலம் கூட்டிப் பின்னினேன்.

நான் கணக்கு எழுதுகிற டைல்ஸ் கம்பெனி ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் பின்னுவேன். மடியில் உல்லன், நெற்றியில் வியர்வை. அடுத்த மேசைக்காரி, "எங்களுக்கெல்லாம் பாத்தாலே அரிக்குது, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிப் பின்னுங்க" என்பாள். திரும்பிக்கொண்டு பின்னினேன். முதுகுப் பக்கம் முடிந்தது, கைகள் முடிந்தன, முன்பக்கமும் கழுத்துவரை வந்துவிட்டது.

அப்போதுதான் பாயின் மச்சினர் லீவில் வந்தார். மங்கலம்பேட்டைக்காரர். என் வீட்டுக்காரரோடு ஒரே கம்பெனி, ஒரே அறை. லீவு முடிந்து திரும்புகிறவர் கையில் தெரிந்தவர்கள் எல்லாம் பொட்டலம் கொடுத்தனுப்புவது இங்கே பழக்கம். அவர் பெட்டிக்கு இத்தனை கிலோதான் என்று விமானத்தில் சொல்லிவிடுவதால், எங்களுக்கெல்லாம் அரை கிலோ, ஒரு கிலோ என்று இடம் ஒதுக்குவார். எனக்கு ஒரு கிலோ. வெள்ளிக்கிழமை அவர் கிளம்புகிறார். அதற்குள் ஸ்வெட்டர் கையில் இருக்க வேண்டும். இந்த ஆளை விட்டால் அடுத்து யார் எப்போது போவார்கள் என்று தெரியாது, குளிர் மட்டும் அங்கே தினமும் இருக்கும்.

கடைசி உருண்டை வாங்கக் கடைக்குப் போனபோது அவர் அங்கே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க அண்ணி, நல்லாருக்கீங்களா?" என்றார். நான் அவர் போட்டிருந்த நீலக் கட்டம் போட்ட சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலிருந்து மூன்றாவது பட்டன் மட்டும் வேறு மாதிரி. அந்தப் பட்டன் இதே கடையில் வாங்கியது. அதைத் தைத்தது நான்.

"இது எங்க வூட்டுக்காரர் சட்டையாச்சே தம்பி."

அவர் குனிந்து சட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஆமாண்ணி. அண்ணன்தான் குடுத்தாங்க. லூசாயிடுச்சு, நீ போட்டுக்கோன்னாங்க."

சொன்ன பிறகுதான் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் மாறியது. அந்தச் சட்டை அவருக்கும் லூசாகத்தான் இருந்தது. தோள் தையல் கைக்கு இறங்கி, இடுப்புப் பக்கம் காற்று போய்வருகிற மாதிரி நின்றது. அவர் ஒல்லியான ஆள்.

உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டேன். அதெல்லாம் ஒன்றுமில்லை, உள்ளே வேலைக்கு மாறினால் எல்லோரும் இப்படித்தான் முதலில் இளைப்பார்கள், வெளியே வந்தால் சோர்ந்து தூங்கிவிடுவதில் சாப்பாடு சரியாக இறங்காது, மற்றபடி அண்ணன் கல்லு மாதிரி இருக்கிறார் என்று நிறையச் சொன்னார். கல்லு மாதிரி என்பதை இரண்டு தடவை சொன்னார். எவ்வளவு இளைத்திருக்கிறார் என்றேன். அவர் பாயைப் பார்த்தார்.

"இப்ப நாங்க ரெண்டு பேரும் ஒரே ஒடம்புதாண்ணி. யூனிபார்மே ஒரே சைஸுதான் குடுத்தாங்க. நான் சொன்னேன்னு மட்டும் அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க."

பாய் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கிய டேப்பை எடுத்தார். மச்சினரைச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பனியனோடு நிற்கச் சொன்னார். ஜிப் வாங்க வந்த ஒரு அம்மா, இந்தக் கடையில் புதிதாகத் தையலும் ஆரம்பித்துவிட்டார்கள் போல என்று நின்று வேடிக்கை பார்த்தார். "கைய தூக்குடா, கல்யாண மாப்ளயாட்டம் வெக்கப்படாத" என்று பாய் அதட்டினார். டேப் மார்பைச் சுற்றி வந்தது. தோள், இடுப்பு, கழுத்து. பாய் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் மனதுக்குள் பின்னல் கண்ணிகளாக மாற்றிக்கொண்டே வந்தேன். ஒரு கஜ தூரத்தில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார், முகம் மட்டும் வேறு. தொடக்கூடாது, அவ்வளவுதான். கழற்றி நாற்காலியில் போட்டிருந்த அந்தச் சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். மங்கலம்பேட்டைச் சோப்பு வாசனைதான் வந்தது.

வீட்டுக்குப் போய் முன்பக்கத்தையும் முதுகையும் பிரித்தேன். பின்னுவதற்கு எடுத்த வாரங்களைப் பிரிப்பதற்கு யாரும் எடுத்துக்கொள்வதில்லை. நுனியைப் பிடித்து இழுத்தால் மளமளவென்று ஓடிவருகிறது. பிரித்த உல்லன் சேமியா மாதிரி சுருண்டுகொண்டிருக்கும். அதை நனைத்து, கனம் கட்டித் தொங்கவிட்டு நேராக்கிவிட்டுத்தான் மறுபடி பின்ன வேண்டும் என்பது முறை. எனக்கு முறைக்கு நேரமில்லை. சுருளோடு சுருளாகப் பின்னினேன். ஆபீஸுக்கு லீவு போட்டேன். காரணம் என்ன எழுதுவது என்று தெரியாமல் "குடும்பத்தில் ஒருவர் உடல்நிலை" என்று எழுதினேன். அது பொய்யில்லை என்று கையெழுத்துப் போடும்போது தோன்றியது.

வியாழக்கிழமை சாயங்காலம் கடையில் தராசில் வைத்தோம். என் ஒரு கிலோவில் ஸ்வெட்டர் பாதிகூட வரவில்லை. மீதி இடத்தில் எலுமிச்சை ஊறுகாயும், பருப்புப்பொடியும், கடைசியில் இடுக்கில் ஒரு சின்ன டப்பா நெய்யும் வைத்தேன். "நெய்யி ஒழுகினா மீனு பூரா மணக்கும் அண்ணி" என்றார் மச்சினர். மணக்கட்டும் என்றேன். அவர் அந்த நீலச் சட்டையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தார். நான் அதை வாங்கிக்கொள்ளவில்லை. உங்களிடமே இருக்கட்டும் என்றேன். யாராவது ஒருவராவது அதற்குள் குண்டாகட்டும்.

மறுவாரம் வீடியோவில் அவர் ஸ்வெட்டரோடு வந்தார். முதல்முறையாகப் போனை ஒரு ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டுப் பின்னால் தள்ளி நின்றார். முழு ஆளாக. தோளில் உட்கார்ந்திருந்தது, இடுப்பில் உட்கார்ந்திருந்தது. ஓர் அங்குலம் கூடக்குறைய இல்லை. நான் பின்னியதிலேயே மிகச் சரியாக வந்தது அதுதான், அது சரியாக வந்ததைப் போல வேறெதுவும் எனக்கு வலித்ததில்லை.

"எப்படி இவ்ளோ கரெக்டா அளவு புடிச்ச?" என்றார்.

"போன்ல பாத்துதான்."

அவர் கொஞ்ச நேரம் ஸ்வெட்டரின் கீழ் விளிம்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. நெய் எப்படியிருக்கிறது என்று கேட்டேன். அறையில் எல்லோரும் தீர்த்துவிட்டார்கள் என்றார். நீங்கள் சாப்பிட்டீர்களா என்றேன். முதல் கரண்டி நான்தான் என்றார். பிறகு சொன்னார்: "அடுத்த தடவ கொஞ்சம் லூசா போடு. தேறிடுவேன்."

தேறிடுவேன் என்பது நன்றாகத்தான் இருந்தது. அடுத்த தடவை என்பதுதான் இறங்கவில்லை. அடுத்த தடவை என்றால் அடுத்த வருடமும் அந்தக் கிடங்கு, அந்தக் கோட்டு, தாடைக்குக் கீழே அந்தப் போன். லீவு என்ன ஆயிற்று என்று கேட்க வாயெடுத்தேன். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்துக் கடைக்குப் போனேன். பாய் மேல் தட்டிலிருந்து பையை எடுத்தார். பின்னியது போக மீந்த ஆஷ் கலர் உருண்டைகளை என்னிடமிருந்து வாங்கி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். இதே லாட்டில் இன்னும் கொஞ்சம் வரவழைத்தால் அடுத்த ஸ்வெட்டருக்கு ஆகும், இப்போதே சொல்லிவிடவா என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. லாட் தீர்ந்துபோனால் நிறம் சேராது.

"வேணாம் பாய். அத வேற யாருக்காவது குடுத்துடுங்க."

அவர் பையைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் கண்ணாடி அலமாரியைக் காட்டினேன். கிளிப்பச்சையில் நாலு, சிவப்பில் இரண்டு, அந்தக் கண்கூசும் மஞ்சளில் ஒன்று. குஞ்சத்துக்கு வைக்கிற கண்ணாடிச் சில்லும் கொஞ்சம்.

"தோரணமா?" என்றார் பாய். அவர் சிரிக்காமல் இருந்தது பெரிய மனசு. "வாசல் அகலம் எவ்ளோம்மா?"

"மூணரை அடி" என்றேன். டேப் தேவைப்படவில்லை.