ஒரு முழம் தொய்வு

உச்சியில் இரண்டாகப் பிரியும் நீளமான கவைக்கோலை நிமிர்த்தி, தலைக்கு மேலே தொங்கும் வலையை மூன்று தரம் தட்டுகிறார் லுக்யான். பிறகு கோலைத் தரையில் ஊன்றி ஒரு கண்ணை மூடிக்கொள்கிறார். கோலின் மேல்பக்கம் சிவப்பு நாடா சுற்றியிருக்கிறது. வலை அந்த நாடாவுக்கு மேலே நின்றால் அடுத்த கம்பத்துக்கு நடக்கிறார். கீழே இறங்கியிருந்தால், "தூங்குது பாரு, சோம்பேறி" என்று வலையைத் திட்டிவிட்டு ஏணியைச் சாய்த்து ஏறுகிறார். இடுப்புக் கயிற்றில் ஒரு ஜோடி தோல் கையுறை ஆடிக்கொண்டிருக்கிறது. நைலான் கயிறு விரல்களை அறுத்து ரத்தம் கசிந்தாலும் அந்தக் கையுறைகளை அவர் போட்டு யாரும் பார்த்ததில்லை.

கெர்சன் நகரில் மருத்துவமனைக்குப் போகும் சாலை முழுக்க இப்படி வலைக்குள்தான் கிடக்கிறது. இரண்டு ஓரமும் கம்பங்கள், மேலேயும் பக்கவாட்டிலும் வலை. ஆற்றுக்கு அக்கரையில் ரஷ்யப் படை இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி வரும் ட்ரோன்களுக்கு ராணுவ வண்டி, ரொட்டி வண்டி, சைக்கிளில் போகும் தபால்காரி என்ற பேதமெல்லாம் கிடையாது. துரத்தி வந்து வெடிக்கும். குறுக்கே வலை இருந்தால் அதில் மாட்டிக்கொள்ளும். அதற்காக எங்கோ வட கடல்களில் உழைத்துத் தேய்ந்த மீன்வலைகளை லாரி லாரியாக அனுப்பிவைத்தார்கள். செதில்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தெருப் பூனைகள் கம்பத்தடியில் உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்து, ஏமாந்து போகின்றன.

லுக்யானுக்கு அறுபத்து நான்கு வயது. அதில் நாற்பது வருடம் த்னிப்ரோ ஆற்றில் கெண்டையும் கெளுத்தியும் பிடித்தவர். இப்போது அந்த ஆறு இரண்டு படைகளுக்கும் நடுவில் கிடக்கிறது. தண்ணீரிலும் கண்ணிவெடி, கரையிலும் கண்ணிவெடி. அணை உடைந்து வெள்ளம் வந்த வருடம் அவருடைய படகு யார் வீட்டுக் கூரையிலோ மோதி இரண்டாகப் பிளந்தது. சும்மா உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தவரை, வலை கட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் கூட்டத்தில் மின்கம்பி ஆட்கள் மூன்று பேர், ஒரு விளையாட்டு வாத்தியார், பூட்டிக் கிடக்கும் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்த ஒருவர். அவர்கள் போட்ட முடிச்சை லுக்யான் தொட்டுப் பார்த்தார். "இது என்ன, பிறந்தநாள் பரிசா? ரிப்பன் மாதிரி கட்டியிருக்கீங்க." அன்றிலிருந்து அவர்கள் போட்ட முடிச்சையெல்லாம் அவரே அவிழ்த்து அவரே போட்டுவிடுகிறார்.

கொறிக்கும் விதைகளின் தோலைத் தெருவில் துப்ப மாட்டார். கோட்டுப் பையில் போட்டுக்கொள்வார். பையைத் துவைக்கிறவள் மகள். ட்ரோன் அருகில் வந்தால் கீச்சிடும் சிறு கருவியை ஊரில் பாதிப் பேர் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்கள். அவரிடம் அது இல்லை, காதே போதும் என்கிறார். ஆற்றின் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. மீனும் தின்பதில்லை. "நாள் முழுக்க அந்த வாடையிலதானே நிக்கிறேன், வயிறு நிறைஞ்சிருது" என்பார்.

இந்த ஊரில் நல்ல நாள், கெட்ட நாள் என்பதெல்லாம் தலைகீழாகிவிட்டது. மூடுபனியும் தூறலும் காற்றும் இருந்தால் ட்ரோன் அதிகம் வராது. சந்தைக்கு ஆள் வரும், பெண்கள் நின்று பேசுவார்கள். வெயில் பளிச்சென்று அடித்தால் தெரு வெறிச்சோடிப் போகும். மே மாதத்து நீல வானத்தைப் பார்த்து, "நாசமாப் போக, இன்னைக்கும் வெளுத்திருச்சு" என்று கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். மனிதர்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்களை என்ன சொல்லித் திட்டினாலும் ஆறவில்லை. ஆற்றில் கற்ற வானிலை லுக்யானுக்கு இதில் உதவுகிறது. காலையில் வாசலில் நின்று மூக்கை உயர்த்தி, "பனி ஒன்பது மணி வரைக்கும் நிக்கும். போறவங்க அதுக்குள்ள போயிட்டு வந்துருங்க" என்பார். அக்கம்பக்கத்தார் அதை நம்பித்தான் ரொட்டி வாங்கப் போகிறார்கள்.

அவர் சொல்வதைக் கேட்காத ஒரே ஆள் அவருடைய மகள் உல்யானா. மருத்துவமனைச் சாலையில் ஓடும் மஞ்சள் மினிபஸ்ஸை ஓட்டுகிறவள் அவள்தான். முப்பத்தைந்து வயது, அப்பாவின் தோள்கள், அப்பாவின் பிடிவாதம்.

"வெளுத்திருக்கு. இன்னைக்கு ஒரு நாள் வண்டிய எடுக்காதே" என்பார் இவர்.

"டயாலிசிஸுக்குப் போறவங்க பதினோரு பேருப்பா. அவங்க கிட்னி என்ன, வானத்தைப் பாத்தா வேலை செய்யுது?"

"இந்த ஊர்ல ஓட்டுறதுக்கு வேற ஆளே கெடைக்கலியா?"

"இருந்தாரே ஒருத்தரு" என்பாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

இருந்த அந்த ஒருவர் ஸகார். பதினேழு வருடம் அதே வழியில் பஸ் ஓட்டியவர். லுக்யானைக் கண்டால் ஜன்னலில் தலையை நீட்டி, "என்ன மீன்காரரே, இன்னைக்கு எத்தனை கிலோ?" என்று கேட்பார். "உன்ன மாதிரி ஒரு கெளுத்தி மாட்டியிருக்கு. எடை போடத் தராசு பத்தல" என்பார் இவர். பஸ்ஸுக்குள் இருக்கிற நோயாளிகளும் சிரிப்பார்கள்.

வலையை எப்படிக் கட்டுவது என்பதில் லுக்யானுக்கும் கூட்டத்தின் தலைவர் கிரிலோவுக்கும் ஆரம்பம் முதலே ஒத்துப்போகவில்லை. மேலிடத்திலிருந்து வந்த தாளில் இழுத்துக் கட்டச் சொல்லியிருந்தது. மின்கம்பி ஆளான கிரிலோவுக்கும் எதையும் விறைப்பாகக் கட்டித்தான் பழக்கம்.

"விறைச்ச வலையில மீன் முட்டிட்டுத் திரும்பிப் போயிரும்பா. கொஞ்சம் தொய்வு விட்டாத்தான் சுத்திக்கும்."

"தாள்ல என்ன இருக்கோ அப்படியே கட்டுவோம், மாமா."

"அந்தத் தாளு எந்த ஆத்துல மீன் பிடிச்சுது?"

சொன்னதோடு அவர் நிற்கவில்லை. மருந்துக்கடை வளைவில் ஒரு நாள் தனியாக வேலை பார்த்தபோது, யாரிடமும் சொல்லாமல் இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு முழம் தொய்வு விட்டுக் கட்டினார். கொடுமை என்னவென்றால், முதலில் அது பலித்தது. அடுத்தடுத்த வாரங்களில் இரண்டு ட்ரோன்கள் அங்கே வந்து விழுந்து, வலையைச் சுற்றிக்கொண்டு, வெடிக்காமல் தொங்கின. ராணுவ ஆட்கள் வந்து பத்திரமாக எடுத்துப்போனார்கள். காரணம் தெரியாமலேயே கிரிலோ அவர் முதுகில் தட்டினார். அன்று வீட்டுக்குப் போய், பெரிய மீன் பிடித்த நாட்களில் செய்வது போல, மகளிடம் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார் லுக்யான்.

மார்ச் மாதம் மூன்றாவது ட்ரோன் வந்தபோது ஸகாரின் பஸ் வளைவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. லுக்யான் சொன்னபடியே வலை சுற்றிக்கொண்டது. சுற்றிக்கொண்ட வலை கனம் தாங்காமல் பை போலக் கீழே இறங்கி, பஸ்ஸின் முன்கண்ணாடிக்கு நேரே வந்ததும் ட்ரோன் வெடித்தது. இழுத்துக் கட்டியிருந்தால் கூரைக்கு எவ்வளவோ மேலேயே வெடித்திருக்கும். உள்ளே இருந்த இரண்டு நர்ஸ்கள் காயத்தோடு தப்பினார்கள். ஸகார் தப்பவில்லை. நாற்பது வருடத்தில் லுக்யான் பிடித்த எந்த மீனும் வெடித்ததில்லை. வலையில் மாட்டியது வெடிக்கும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

அன்றே கிரிலோவிடம் போய், "நான்தாம்பா தொய்வு விட்டேன்" என்றார். "அத அனுப்பினவன் அக்கரையில இருக்கான், மாமா. நாளைக்குக் காலைல ஏணியோட வந்துருங்க" என்று மட்டும் கிரிலோ சொன்னார். அந்த வளைவை இருவருமாக இழுத்துக் கட்டினார்கள். லுக்யானுக்கு அது போதவில்லை. ஒன்பதாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஸகாரின் மனைவி ராய்சாவைத் தேடிப் போனார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி, முழங்கையிலிருந்து விரல் நுனி வரை தொட்டுக் காட்டினார். "இவ்வளவுதாம்மா விட்டேன்."

ராய்சா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவருக்கு வலிச்சிருக்குமா, அண்ணே?"

"இல்லம்மா. அதுக்கு நேரமே இருந்திருக்காது." அவருக்கு அது தெரியாது. இருந்தாலும் சொன்னார்.

அவள் உள்ளே போய் ஒரு ஜோடி தோல் கையுறையோடு திரும்பி வந்தாள். "குளிருக்கு ஸ்டீயரிங் பிடிக்க வச்சிருந்தாரு. அன்னைக்குன்னு பாத்து வீட்டுல விட்டுட்டுப் போயிட்டாரு. உங்க கை கிழிஞ்சு கெடக்கே, போட்டுக்குங்க."

கதவை முகத்தில் அறைந்திருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம். அப்படி ஏதாவது செய்திருந்தால் அந்த மனிதர் அழுதுவிட்டாவது வீடு திரும்பியிருப்பார். ராய்சா கையுறையைக் கொடுத்துவிட்டாள். அதைப் போட்டுக்கொள்ளவும் மனம் வரவில்லை, வீட்டில் வைத்துவிட்டு வரவும் மனம் வரவில்லை. இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறார்.

மகளுக்கும் எல்லாம் தெரியும். அதுவரை பால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவள், முன்கண்ணாடி மாற்றி வந்த மினிபஸ் ஆளில்லாமல் நிற்பதைக் கேள்விப்பட்டதும் போய்ச் சாவியை வாங்கிக்கொண்டாள். அப்பாவை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் வாங்கினாய் என்று அவரும் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

சென்ற வாரம் அதே மருந்துக்கடை வளைவில் பீரங்கிக் குண்டு விழுந்து ஒரு கம்பம் முறிந்தது. புதுக் கம்பம் வியாழக்கிழமை வரும் என்றார் கிரிலோ. எந்த வியாழன் என்று அவருக்கே தெரியாது. பக்கத்திலிருந்த மரத்தில் கயிறு கட்டிப் பார்த்தார்கள். பாதி கருகிய மரம், கிளை தாங்கவில்லை. வலை மறுபடியும் சிவப்பு நாடாவுக்கு ஒரு முழம் கீழே தொங்குகிறது. அதனால் பஸ் வரும் நேரம் பார்த்து லுக்யான் அந்த வளைவில் போய் நிற்கிறார். கவைக்கோலை வலையில் கொடுத்து இரண்டு கையாலும் உயர்த்திப் பிடிக்கிறார். மகள் அடியில் கடந்து போகிறாள். திரும்பி வரும்போது இன்னொரு தரம்.

"நீங்க தூக்கிப் பிடிச்சா வர்றது வராம போயிருமா?" என்று மருந்துக்கடை நினா கேட்டாள்.

"வரட்டும். ஒரு முழம் மேல வெடிக்கும்ல."

"அடியில நிக்கிறது நீங்கதான், மாமா."

"வேற எங்க நிக்கணும் நான்?" என்றார்.

நேற்று கவையின் முனை உரசி வலையில் நான்கு கண்ணிகள் அறுந்துபோயின. உட்கார்ந்து கட்டி முடித்துவிட்டு, "நாளைக்கு முனையில துணி சுத்தணும், மறந்துராதே" என்று தனக்குத் தானே இரண்டு தரம் சொல்லிக்கொண்டு போனார்.

இன்று காலை ஒரு துணுக்கு மேகம்கூட இல்லை. வாசலில் நின்று எடுக்காதே என்றார். பதினோரு பேருப்பா என்றாள், போய்விட்டாள். ஏழே முக்காலுக்கு லுக்யான் வளைவில் நின்றார். சாலையில் ஒரு பூனையைத் தவிர யாரும் இல்லை. தூரத்துத் திருப்பத்தில் மஞ்சள் பஸ் தலைகாட்டியபோது நினாவின் பையில் இருந்த கருவி கீச்சிட்டது. அவள் கடைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "மாமா, உள்ள வந்துருங்க" என்றாள். அவர் காதுக்கும் கேட்டுவிட்டது, ஆற்றுப் பக்கமிருந்து, சன்னமாக.

கோலைத் தூக்கப் போனவர் முனையைப் பார்த்தார். துணி சுற்றவில்லை, மறந்துவிட்டார். சுற்றுமுற்றும் பார்த்தார். பஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. லுக்யான் இடுப்பிலிருந்து ஸகாரின் கையுறைகளை அவிழ்த்தார். ஒன்றை இடது கவையில் மாட்டினார், ஒன்றை வலது கவையில் மாட்டினார், மணிக்கட்டு வரை இழுத்துவிட்டார். பிறகு கோலை உயர்த்தினார். கையுறைகள் இரண்டும் மேலே போய் வலையைத் தாங்கிப் பிடித்தன; பஸ் அடியில் நுழைந்தது.