ரெண்டு கிடாரும் ஒரு பெடல் பலகையும்

கச்சேரி மேடையில் கிடார் வாசிக்கிறவனுக்கு வாசிப்பு கால் பங்கு வேலைதான். மீதி முக்கால் பங்கும் ஒயர் செருகிப் பிடுங்குவது. ஒயரோடு மல்லுக்கட்டி வயிறு வளர்க்கும் சக பாவிகளே, உங்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம்.

திருத்தணி சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று எங்கே மேடை போட்டாலும் தயாளன் அண்ணனின் மெல்லிசைக் குழு போகும். நான் அதில் கிடார். மெலடிக்கு மரக் கிடார், குத்துப் பாட்டுக்கு எலக்ட்ரிக். ரெண்டுக்கும் பொதுவாகத் தரையில் ஒரு பலகை, அதன் மேல் வரிசையாகப் பெடல்கள். காலால் மிதித்தால் மரக் கிடார் வாயை மூடும், எலக்ட்ரிக் பேசும். மாற்றும்போது பாட்டு நடுவில் சத்தம் நின்றுபோனால் அண்ணனுக்கு ஆகாது. ஒருநாள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு வாட்டி கேப் வுழுந்துச்சுனா நீ வூட்லயே இரு. கிடார் சத்தம் முனிரத்தினம் கீபோர்டுலயே கீது." முனிரத்தினம் மேடையில் எனக்குப் பக்கத்தில் நிற்கிறவன். அன்றிலிருந்து பெடலை மிதிக்கும்போதெல்லாம் என் ஒரு கண் அவன் கீபோர்டு மேலேயே இருக்கும்.

பக்கத்து இலை

அம்மையார்குப்பத்தில் ஒரு நெசவுக்காரர் வீட்டுக் கல்யாணம். நான் ரெண்டு கிடாரையும் ஸ்டாண்டில் நிறுத்தி ஒயர் மாட்டுவதைப் பெண்ணின் அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பந்தியில் நான் உட்கார்ந்ததும் பக்கத்து இலையில் யாரையும் உட்கார விடவில்லை. சாம்பார் முதல் அப்பளம் வரை அந்தக் காலி இலைக்கும் பரிமாறச் சொன்னார். "ரெண்டையும் நான்தாங்க வாசிக்கிறேன்" என்றேன். "ஆங், ஆங்" என்று தலையாட்டினார். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. "அதெல்லாம் சரிங்க, அந்த இன்னோரு தம்பி பசியோட வாசிச்சா நல்லாவா இருக்கும்? கூப்புடுங்க அவர!"

எர்த் சத்தம்

திருவாலங்காடு பக்கம் ஓர் அம்மன் கோயில் திருவிழா. எலக்ட்ரிக்கைச் செருகியதுமே ஸ்பீக்கரில் "ம்ம்ம்ம்" என்று ஒரே இரைச்சல். எர்த் சரியில்லை என்றேன். மைக்செட்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க லைன்ல இன்னா கொறைய கண்ட? உன் கிடாரைப் பாரு" என்று எகிறினார். நானும் விடவில்லை. எங்கள் சண்டையைக் கேட்கவே நாலு பேர் கூடிவிட்டார்கள். தயாளன் அண்ணன் என்னை முறைத்தார், முனிரத்தினத்தின் கீபோர்டை முறைத்தார், மறுபடி என்னை முறைத்தார். நான் ஒயரைப் பிடித்துக்கொண்டே அது போகும் இடத்தைத் தேடிப் போனேன்.

கடைசியில் பார்த்தால் கோபுரத்துச் சீரியல் லைட்டும் என் ஆம்ப்ளிஃபயரும் ஒரே போர்டில். என் ஒயரைப் பிடுங்கி வேறு போர்டில் போட்டதும் இரைச்சல் அடங்கியது. யாராவது ஒரு வார்த்தை பாராட்டுவார்கள் என்று நிமிர்ந்து நின்றேன். முதல் பாட்டு பாட மைக் முன்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்த பூசாரி விடுவிடுவென்று என்னிடம் வந்தார். "ஏம்பா அந்தச் சுருதிப்பெட்டிய நிறுத்துன? இப்பதான் அதோட சேர்ந்துகினு வந்தேன்!"

மூடி

மரக் கிடாருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஸ்பீக்கர் பக்கத்தில் இருந்தால் அந்தச் சத்தம் அதன் வயிற்று ஓட்டைக்குள் புகுந்து "கூ" என்று ஊளையிடும். அதை அடைக்க ஒரு ரப்பர் மூடி வைத்திருக்கிறேன். நகரி பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அதை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

பாட்டு தொடங்க நேரமாகிவிட்டது. சமையல்கட்டுக்கு ஓடி, கையில் கிடைத்த ஒரு பிளாஸ்டிக் மூடியைத் துடைத்து ஓட்டை மேல் வைத்து டேப் ஒட்டினேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது, ஊளையும் நின்றது. அப்பாடா என்று ரெண்டாவது சரணத்துக்கு வந்தால், பரிமாறுகிற அம்மா கரண்டியோடு மேடைப் படியில் நிற்கிறார். "நைனா, பாட்டு அப்புறம் பாடலாம், ஊறுகாயில ஈ மொய்ச்சுகினு கீது, மூடியக் கழட்டிக் குடு!"

பொட்டு

விஜயதசமி அன்று மலையடிவாரத்தில் ஒரு மண்டபத்தில் கச்சேரி. முந்தின நாள் ஆயுத பூஜை. ஸ்கூட்டர் முதல் மிக்ஸி வரை சந்தனம் குங்குமம் வைத்த என் மனைவி சுகுணா, பெடல்களை மட்டும் விடுவாளா? ஒவ்வொன்றுக்கும் அழகாகப் பொட்டு. பார்க்க லட்சணமாக இருந்தது, அப்படியே கட்டி எடுத்துப் போய்விட்டேன்.

முதல் பாட்டில் காலைத் தூக்கி வைத்ததும் முன்வரிசையில் இருந்த விழாக்குழுத் தலைவர் எழுந்துவிட்டார். "யோவ், பொட்டு வச்ச சாமானக் காலால மெதிக்கிற?" பதறிப்போய்த் துண்டால் துடைக்கப் போனேன். அதற்கு இன்னும் பெரிதாகக் கத்தினார்: "நல்ல நாளும் அதுவுமா வச்ச பொட்டப் போயா அழிக்கிற?" மிதிக்கவும் கூடாது, துடைக்கவும் கூடாது. நான் என்னதான் செய்வேன்! அடுத்த பாட்டு மரக் கிடாரில் ஆரம்பித்து நடுவில் எலக்ட்ரிக்குக்கு மாற வேண்டிய பாட்டு. தயாளன் அண்ணன் முனிரத்தினத்துக்கு ஜாடை காட்டுவதைப் பார்த்தேன். என் பிழைப்பு இன்றோடு போச்சு என்றே நினைத்தேன்.

மாற்றுகிற இடம் வந்தது. முனிரத்தினம் கீபோர்டை விட்டுவிட்டு வந்து என் காலடியில் குந்தினான். பெடலைத் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொண்டு கையால் அமுக்கினான். எலக்ட்ரிக் முழங்கியது. முடிந்ததும் மறுபடி அமுக்கிவிட்டுக் கீபோர்டுக்கு ஓடினான். கச்சேரி முழுக்க இதே ஓட்டம். ஒரு கேப்பும் விழவில்லை. தலைவர் மகிழ்ந்துபோய் அவனுக்குத்தான் சால்வை போர்த்தினார். அண்ணன் என்னை அடுத்த கச்சேரிக்கு நேரத்தோடு வரச் சொன்னதோடு சரி.

ஒயரைச் சுருட்டும்போது, "சும்மா இருந்திருந்தா என் இடமும் உனக்குத்தானேடா?" என்று கேட்டேன். முனிரத்தினம் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "ஏற்கெனவே அண்ணன் வயலின்காரன், புல்லாங்குழல்காரன் ரெண்டு பேரையும் அனுப்பிட்டு அவனுங்க வேலைய என் தலையில கட்டிட்டாரு, நீயும் போயிட்டா மேடைல நான் யார்கூடடா பேசிகினு இருப்பேன்?"

ஆகவே சக பாவிகளே, ரெண்டு கிடாருக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று யாராவது உங்களைக் கேட்டால், ஒயர், பெடல், மூடி எல்லாம் கடையில் கிடைக்கும், முதலில் பக்கத்தில் ஒரு முனிரத்தினத்தைப் பிடித்து வைத்துக்கொள் என்று சொல்லுங்கள்.