முன் சீட்டு

என் கணவர் ஓட்டிய ஜீப்பில்தான் நான் தினமும் வேலைக்குப் போனேன். போடியிலிருந்து விடியும் முன்பே கிளம்பி, போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் எங்களை இறக்கிவிடுவார். பி.ஏ. படித்துவிட்டுக் காய் எடுக்கப் போகிறாயே என்று கேட்டவர்களிடம், டிரைவர் என் வீட்டுக்காரர், பஸ்சுக்குக் காத்து நிற்க வேண்டியதில்லை என்று சொல்லி வாயை அடைத்திருக்கிறேன். நான் பின்னால்தான் உட்காருவேன். முன் சீட்டு பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும், மலை ஏறினால் வாந்தி எடுப்பவர்களுக்கும். பின்னால் நாங்கள் ஒருத்தி மடியில் ஒருத்தியாக நெருக்கிக்கொண்டு ஊர் வம்பு முழுவதையும் பேசித் தீர்ப்போம்.

ஒரு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவ்வளவுதான்.

காரியம் முடிந்து நான் வேலைக்குப் போன அன்று முதலாளியின் அதே ஜீப் வந்தது, டிரைவர் மட்டும் வேறு ஆள். என்னைப் பார்த்ததும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி உச்சுக் கொட்டினாள். ஒருத்தி என் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டாள். பாவம், இந்த நெரிசலில் நீ எதற்கு நசுங்க வேண்டும் என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னை முன் சீட்டில் ஏற்றிவிட்டார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

உட்கார்ந்ததும் தூக்கிவாரிப் போட்டது. கியர் கம்பியின் தலையில் எங்கள் கட்டில் குமிழ் இருந்தது. பழைய உருண்டை உடைந்தபோது, வீட்டு மரக்கட்டிலின் குமிழைக் கழற்றிக்கொண்டு போய் அவர்தான் மாட்டினார். புதுக் கட்டிலை மொட்டையாக்கிவிட்டார் என்று நான் ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை. அந்தக் கதையை வண்டியில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இப்போது முன்பின் தெரியாத ஒரு கை அதைப் பிடித்து அமுக்கியது. வளைவுக்கு வளைவு கியர் மாறியது. மாறும்போதெல்லாம் குமிழ் என் முழங்காலில் இடித்தது. எனக்கு மூச்சு முட்டியது. ஆனால் அழுதுகொண்டே கொடுத்த இடத்தை எப்படி வேண்டாம் என்பது? பின்னால் எனக்காக எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். இனி அவளுக்கு என்ன இருக்கிறது என்று யாரோ சொன்னது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது.

அந்த வாரம் முழுவதும் அப்படியே போனேன். வேறு பிழைப்பு இல்லை என்று தெரிந்தும், வேலையை விட்டுவிடுவது என்று முடிவுசெய்துவிட்டேன்.

திங்கட்கிழமை நான் ஏறி உட்கார்ந்த பிறகு ராசிங்காபுரத்துக்காரி ஒருத்தி வந்து பக்கத்தில் நின்றாள். என் கணவரை அண்ணே என்பாள், என்னை மதினி என்பாள். வாய் ஓயாதவள். பின்னால் இடத்துக்காக என்னோடு தினமும் முழங்கைச் சண்டை போடுகிறவள்.

"எறங்கு மதினி. எனக்கு வாந்தி வருது. நான் முன்னாடி உக்காரணும்."

வண்டியில் இருந்தவர்கள் அவளைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டார்கள். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் சீட்டுக்கு மல்லுக்கு நிற்கிறாயே, நீ பொம்பளைதானா என்று கேட்டார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அசையாமல் நின்றாள். நான் கோபத்தோடு இறங்கிப் பின்னால் போனேன். யாருடைய முழங்கையோ விலாவில் குத்தியது. முன்னால் இருந்த தலைகளில் குமிழ் மறைந்துபோனது. போடிமெட்டு தாண்டும்போதுதான், நான் ஒழுங்காக மூச்சு விடுகிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

அதன்பிறகு முன் சீட்டை அவள் விடவில்லை. ஒரு நாளும் வாந்தி எடுக்கவும் இல்லை. ஒருநாள் செடிகளுக்கு நடுவே நாங்கள் இருவர் மட்டும் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்தபோது, ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அவள் தலையைத் தூக்கவில்லை.

"அது ஒன் கட்டில் குமிழுல்ல மதினி. பின்னாடி இருந்து ஒன் முதுகத்தான் பாத்துக்கிட்டே வந்தேன். கியரு மாறுறப்பல்லாம் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு."

குடத்துத் தண்ணீரைத் தலையில் கொட்டியதுபோல நின்றேன். அந்தக் கதை ஜீப்பில் வந்த எல்லோருக்கும் தெரியும். எல்லோரும்தான் எனக்காக அழுதார்கள். அதை அவர்களிடமே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னா அதுக்கும் சேத்து உச்சுக் கொட்டுவாக. ஒனக்கு அது வேற வேணுமா? வாந்தின்னா என்னையத் திட்டுவாக, அம்புட்டுத்தான். எடத்த விட்டுத்தான ஆகணும்."

அவளை இன்னும் ஈரமில்லாதவள் என்றுதான் சொல்கிறார்கள். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தபோது முறைத்து அடக்கிவிட்டாள். வாய் ஓயாதவள், வம்பு பேச ஆளில்லாமல் முன்னால் தனியாக உட்கார்ந்து வருகிறாள்.

நேற்று பின்னாலிருந்து அவளையே பார்த்துக்கொண்டு வந்தேன். முதல் கொண்டை ஊசி வளைவில் கியர் மாறியது. அவள் முதுகும் தூக்கிப் போட்டது.