தாழ்ப்பாளுக்குக் கீழே ஒரு சுவிட்ச்

தன் கையில் விளைந்த பிழையைத் தன்னது என்றே உரைக்கும் செம்மை கற்றதனாலும் வருவதில்லை, நரைத்ததனாலும் வருவதில்லை. முப்பதாண்டு மின்வேலை பார்த்த ஒருவருக்கு அது தமக்கையின் வீட்டுக் கூடத்தில், ஒரு வியாழக்கிழமை மாலையில் வாய்த்தது.

அவரை எல்லோரும் 'ஒருதரம்' என்றே அழைப்பர். அவர் சீர் செய்த கோளாறுக்கு மறுதரம் அழைக்க நேர்ந்ததில்லை என்பதால் வந்த பெயர். கேட்கும்போதெல்லாம் உள்ளூர ஒரு பூரிப்பு அவருக்கு.

தமக்கை கணவரை இழந்தவர், தனியே வாழ்பவர். எட்டு மாதங்களுக்கு முன் இருட்டுக் கூடத்தில் இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கூடத்துச் சுவரில் வாசற்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று என இரண்டு விளக்குகள். இரண்டுக்குமான சுவிட்ச் வாசற்கதவின் அருகில், படுக்கையறையோ மறுகோடியில். நடைச்சட்டத்தை ஊன்றிப் பதினோரு அடி.

வெளியூரில் இருக்கும் அவர் மகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: "ஞாயித்துக்கிழமை வரேம்மா. விளக்குக்கு மாமா ஒரு வழி பண்ணிட்டா இங்கேயே இரு. இல்லேன்னா வீட்டைப் பூட்டிட்டு என்னோட வந்துடு."

மகன் வீடு நல்ல வீடுதான். ஆனால் சன்னலோரத் தையல் இயந்திரமும், ரவிக்கை அளவோடு வரும் பெண்களும், நினைத்தபோது தேநீர் வைக்கும் உரிமையும் அங்கே ஏது?

சுவரை வெட்டி ஒயர்க் குழாய் பதித்தால் தூசி பறக்கும், தமக்கைக்கு மூச்சிளைப்பு. ஆகவே ஒருதரம் ஒயரில்லாச் சுவிட்சைத் தேர்ந்தார். ஒவ்வொரு விளக்கின் அடியிலும், பொத்தானின் சைகையை வாங்கி விளக்கை இயக்கும் தீப்பெட்டி அளவான ரிசீவர் ஒன்றைப் பொருத்தினார். கட்டில் தலைமாட்டில் வெள்ளைப் பொத்தானை ஒட்டினார். திங்களன்று அழுத்திப் பார்த்தபோது விளக்குகள் சொன்ன சொல் கேட்டன.

செவ்வாய்க் காலை தொலைபேசி மணி அடித்தது.

"டேய் தம்பி, நேத்து உன் பொத்தான் செத்துப் போச்சுடா. தாழ்ப்பாள் போட்டதும் பொசுக்குன்னு அணைஞ்சுது. எத்தனை தரம் அமுக்கினாலும் எரியலை. இருட்டுலயே வந்து படுத்தேன்."

"தாழ்ப்பாளுக்கும் விளக்குக்கும் என்னக்கா தகராறு, மாமியார் மருமகளா?"

உடனே போய்ப் பார்த்தார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. கதவின் அதிர்ச்சியில் இணைப்பு விட்டிருக்கலாம் என்றெண்ணித் திருகாணிகளை இறுக்கினார். புதன் காலையும் அதே அழைப்பு, ரிசீவர்களையே மாற்றினார். வியாழனும் விடியவில்லை, அழைப்பு வந்துவிட்டது.

"என்னப்பா ஒருதரம், நாலுதரம் ஆகப்போகுது! பேரை மாத்தி வெச்சுடலாமா?"

சிரிப்பு வரவில்லை அவருக்கு. அடுத்து வெளியூரிலிருந்து அழைத்தவன் தமக்கையின் மகன்.

"மாமா, நீங்க போறப்பல்லாம் எரியுதாம். அம்மாவுக்குத்தான் ஞாபகம் தடுமாறுதோ? எதுக்கும் சாமான் கட்ட அட்டைப்பெட்டி எடுத்துட்டு வரேன்."

அந்தச் சொல் அவருக்கு முள்ளாய்த் தைத்தது. தாம் போனதெல்லாம் காலையில் என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று மாலை சென்று நாற்காலியில் அமர்ந்து, தமக்கை செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்ந்தது, கூடத்து விளக்குகள் எரிந்தன. தமக்கை சட்டத்தை ஊன்றி வாசலுக்குப் போனார், தாழ்ப்பாளைத் தள்ளினார். தள்ளிய கை அப்படியே கீழிறங்கிப் பழைய சுவிட்சைத் தட்டியது. கூடம் இருண்டது.

"பாத்தியா! செத்துப் போச்சு!" என்றார் தமக்கை வெற்றிக் குரலில்.

"அக்கா, இப்ப கையால என்ன பண்ணினே?"

"தாழ்ப்பாள் போட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, திரும்பினேன்."

முப்பதாண்டுப் பழக்கம், கை செய்ததை மனம் அறியவில்லை. பழைய சுவிட்ச் அணைந்தால் ரிசீவருக்கு மின்சாரமே இல்லை. காலையில் தாழ்ப்பாளைத் திறக்கும் அதே கை அதை மறுபடி தட்டிவிடும். அவர் வரும்போது எல்லாம் எரியும்.

விளங்கியதும் தமக்கையின் முகம் வாடியது. "அப்ப எனக்குத்தான் புத்தி மழுங்கிடுச்சு. அவன்கிட்ட சொல்லிடாதேடா."

"உன் புத்திக்கு ஒண்ணுமில்லே. கை போற இடத்துல பழைய சுவிட்சை விட்டுட்டுப் போனவன் நான். தப்பு என்னுது."

மெயினை அணைத்து, டார்ச் வெளிச்சத்தில் பழைய சுவிட்சைக் கழற்றினார். மின்சாரம் எப்போதும் ஓடும்படி உள்ளே இரு ஒயர்களையும் இணைத்து, வெற்று மூடியால் அடைத்தார். அம்மூடியின் மேல், கை வழக்கமாக விழும் உயரத்திலேயே, ஒயரில்லாச் சுவிட்ச் ஒன்றை ஒட்டினார். அது வாசல் விளக்கை மட்டும் அணைக்கும். தமக்கை கட்டிலை அடையும்வரை உள்விளக்கு எரிந்து காத்திருக்கும்.

ஞாயிறு மாலை மகன் வந்தான், கைநிறைய அட்டைப்பெட்டிகளோடு.

"என்ன மாமா கோளாறு?"

"என் வேலையிலதான் கோளாறு, மாப்பிள்ளை. பழைய சுவிட்சை அன்னிக்கே எடுத்திருக்கணும், எடுக்கலை." ஒருதரம் என்று பெயர் பெற்றவர் அதைத் தடுமாறாமல் சொன்னார்.

மகன் தாயைத் தாழ்ப்பாள் போடச் சொன்னான். கை தன் போக்கில் கீழிறங்கியது. வாசல் விளக்கு அணைந்தது, உள்விளக்கு நின்றது. பதினோரு அடியையும் அவ்வொளியிலேயே கடந்து, கட்டிலில் அமர்ந்து, தலைமாட்டுப் பொத்தானை அழுத்தினார் தாய்.

"பெட்டியை என்னடா பண்ணப்போறே?" என்ற குரல் இருட்டிலிருந்து வந்தது.

"உன் வெட்டுத்துணியைப் போட்டு வைம்மா" என்றான் மகன்.

பிழையைத் தன் தலைமேல் ஏற்றுத் தமக்கையின் குடியிருப்பைக் காத்த அவர் மனையில் ஒளி குன்றாதிருக்க. அவர் மனைவியும் மக்களும் கால் இடறாமல் நடக்க. அவ்வீட்டார் நீட்டும் கைக்கு வேண்டுவதெல்லாம் எட்டும் உயரத்திலேயே அமைய இறைவன் திருவருள் புரிக.