பாஸ்போர்ட்டில் இருந்த கிராப்பு

வெளிநாட்டில் இருக்கும் மகளைப் போய்ப் பார்க்க விசா வேண்டுமென்றால் இருபத்து மூன்று காகிதங்கள் கேட்கிறார்கள். எண்ணிவிட்டுத்தான் சொல்கிறேன். புகைப்படம் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், பல் தெரியக் கூடாது. சிறுசேரியில் வேலை பார்க்கும் மகன் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுகிறான். நான் பின்னால் நின்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறேன். "போய் உக்காருப்பா" என்று நேற்று மட்டும் ஒன்பது முறை சொன்னான். அவனுக்கென்ன தெரியும்? பாஸ்போர்ட்டில் ஒட்டிய ஒரே ஒரு புகைப்படத்தால் எங்கள் குடும்பம் ஐம்பத்தாறு நாள் பட்ட பாடு அவன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு நடந்தது. அப்போது எனக்கு வயது பத்து.

அம்மாவின் தம்பி, என் மாமா, சிங்கப்பூர் போவதாக முடிவானது. அங்கே கடை வைத்திருந்த தூரத்து உறவினர் வேலை தருவதாக எழுதியிருந்தார். மாமாவுக்கு நான்கு வயதாக இருந்தபோதே அவர்களுடைய தாய் இறந்துவிட்டாள். அதன் பிறகு அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அம்மாதான். கல்யாணமாகி அச்சரப்பாக்கத்துப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்தபோதும் தம்பியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். சீர்வரிசையில் அண்டா, குண்டா, மச்சான் என்று மூன்று உருப்படி வந்ததாக அப்பா எல்லோரிடமும் சொல்வார்.

அப்பா தாலுக்கா அலுவலகத்தில் குமாஸ்தா. பயணக் காகிதங்கள் அனைத்தும் அவர் பொறுப்பு. பாஸ்போர்ட், சிங்கப்பூர் நுழைவு அனுமதி, அம்மை குத்தியதற்கும் காலரா ஊசி போட்டதற்கும் மஞ்சள் அட்டைப் புத்தகம் என்று மொத்தம் பதினோரு காகிதங்களை ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். தினமும் காலையில் அவர் பெயர் சொல்ல, நான் எடுத்துக் காட்ட வேண்டும். எண்ணும் பழக்கம் எனக்கு அங்கேதான் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பாஸ்போர்ட்டில் மாமாவின் படம் மிக அழகாக இருந்தது. செங்கல்பட்டு ஸ்டுடியோவில் எடுத்தது. நெற்றிக்கு மேல் நான்கு விரல் உயரத்துக்குச் சுருள் சுருளாக எழும்பி நிற்கும் கிராப்பு, அதற்குப் போட்டியாக ஒரு மீசை. மாமாவின் முகத்தில் முக்கால் பங்கு முடிதான்.

நுழைவு அனுமதி கைக்கு வந்த அன்று, கப்பலுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அப்போதுதான் அம்மா தன் வேண்டுதலைச் சொன்னாள். அனுமதி வந்தால் தம்பிக்குத் திருப்போரூரில் மொட்டை போடுவதாக முருகனுக்கு நேர்ந்திருக்கிறாளாம்.

"திரும்பி வந்தப்புறம் அடிச்சா ஆவாதா?" என்று அப்பா கேட்டார்.

"சாமிய காக்க வெச்சிட்டு சமுத்திரம் தாண்டுவானா? நல்லாக் கீது உங்க ஞாயம்."

சாமி விஷயத்தில் அப்பா அம்மாவோடு வாதாடுவதில்லை. கப்பலுக்கு ஐந்து நாள் முன்பு திருப்போரூருக்குப் போனோம். தலை போயிற்று. கூடவே மீசையும் போயிற்று. சந்தனம் பூசிக்கொண்டு மாமா எழுந்து நின்றபோது, புதிதாக யாரோ ஒருவர் எங்கள் குடும்பத்தில் சேர்ந்துகொண்டது போல இருந்தது. அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பதினோரு காகிதங்களைத் தினமும் எண்ணிய அவருக்கும் எதுவும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து டிக்கெட் வாங்க அப்பா, மாமா, நான் மூவரும் மெட்ராசுக்குப் போனோம். மண்ணடியில் இருந்த கப்பல் ஏஜெண்ட் பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். பிறகு அவருக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தார்.

"ஆளு எங்க சார்?"

"இவருதாங்க."

"இவரா? இன்னா சார் வெளையாட்றீங்களா? இந்த மூஞ்ச வெச்சிகினு போனா ஆர்பர்லயே பிடிச்சி உக்கார வெச்சிருவான். ஆள் மாறாட்டம்னு கேஸு ஆயிடும்."

அப்பா பாஸ்போர்ட்டின் உள்பக்கத்தைக் காட்டி, அங்க அடையாளம் எழுதியிருக்கிறதே என்றார். வலது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம். தேடிக் கண்டுபிடித்து எழுதியவர் அவர்தான்.

"ஆபீசரு காத மடக்கியா பாப்பாரு? நல்லா எழுதுனீங்க போங்க."

புதுப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டால் வந்து சேர மாதக்கணக்காகும். அனுமதியோ மூன்று மாதம்தான் செல்லும். பதினான்கு நாளுக்கு ஒரு கப்பல். அந்தக் கப்பலை விட்டால் அதற்கடுத்த நான்காவது கப்பல்தான் அனுமதி முடிவதற்குள் நிச்சயமாகப் போய்ச் சேரக்கூடிய கடைசிக் கப்பல் என்றார் ஏஜெண்ட். அதற்குள் முடி வளர வேண்டும். அதையும் தவறவிட்டால் அனுமதி போய்விடும், கடைக்காரர் வேறு ஆளை வைத்துக்கொள்வார். வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, எனக்கு இன்னாத் தெரியும்?" என்றாள். பிறகு உள்ளே போய் உலைப் பானையில் இன்னொரு ஆழாக்கு அரிசி போட்டாள்.

மறுநாள் முதல் மாமாவின் தலை எங்கள் வீட்டு நஞ்சை நிலமாயிற்று. காலையில் அம்மா அவரை முற்றத்தில் உட்கார வைத்துக் கரிசலாங்கண்ணி எண்ணெய் தேய்ப்பாள். மாலையில் சின்ன வெங்காயச் சாறு. அந்த வாடை தாங்காமல் எங்கள் நாய் அவரைக் கண்டாலே எதிர்த் தெருவுக்குப் போய்விடும். அளவெடுப்பது என் வேலை. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். பள்ளிக்கூட ஸ்கேலை உச்சந்தலையில் நட்டு வைத்து வாரம் ஒரு முறை பார்ப்பேன். வாரத்துக்கு ஒரு நூல்கூட முழுதாக வளரவில்லை. "ஒழுங்கா அளடா, சுருட்டுன முடிய நீட்டி அள" என்பார் அப்பா. சுருள்வதற்கே அங்கே முடி இல்லை.

மாமா மட்டும் கவலைப்படவில்லை. செங்கல்பட்டில் பார்த்துவந்த கடை வேலையைச் சிங்கப்பூரை நம்பி விட்டுவிட்டதால் நாள் முழுவதும் வீட்டில்தான் இருந்தார். ஏரியில் எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தார். தெருவில் கபடி ஆடி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தார். "கப்பலேறப் போற ஆளுக்கு முட்டியில காயம். இதையும் அந்தப் பொஸ்தகத்துல அடையாளம்னு எழுதிக்கச் சொல்லு உங்க மாமாவ" என்று அப்பாவைக் காட்டித் தம்பியிடம் சொல்லி மஞ்சள் வைத்துக் கட்டினாள் அம்மா. வாரத்தில் மூன்று நாள் மீன் குழம்பு. சாப்பிடும்போது மாமா ஏதாவது சொல்வார், அம்மா சிரிப்பாள். அம்மாவின் சிரிப்புக்கு அத்தனை சத்தம் உண்டு என்பதே எனக்கு அந்த நாட்களில்தான் தெரிந்தது.

மொட்டையடித்த நாற்பதாம் நாள் முடி ஐந்து நூல், மீசை பரவாயில்லை. அப்பாவுக்கு ஒரு யோசனை பிறந்தது. நம் ஆட்களிடம் கேட்டுப் பயனில்லை, சிங்கப்பூரில் இறங்கும்போது வெள்ளைக்கார அதிகாரி இருந்தாலும் இருப்பான், ஆகவே வெள்ளைக்காரக் கண்ணுக்கு இந்த முகம் அந்த முகமாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்றார். வெள்ளைக்காரர்கள் கிடைக்கும் இடம் மாமல்லபுரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோற்றோடு இரண்டு பஸ் மாறிக் கிளம்பினோம்.

கடற்கரைக் கோயிலுக்கு அருகே ஓலைத் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பாட்டி நின்றுகொண்டிருந்தாள். அப்பா துண்டைச் சரிசெய்துகொண்டு போய்ப் பாஸ்போர்ட்டைப் பிரித்து நீட்டினார். படத்தைக் காட்டினார், எங்கள் பக்கம் கையைக் காட்டினார். "சேம் மேன்? விச் மேன்?" என்றார். கிழவி நல்லவள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை ஊன்றிப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். என்னைக்கூடப் பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்து, விரலை நீட்டி, அப்பாவின் மார்பைத் தொட்டாள்.

அப்பாவுக்கும் நல்ல கிராப்பு. மீசையும் உண்டு.

"மாமா, அப்ப நீங்களே கப்பல் ஏறிடுங்க. தாலுக்கா ஆபீச நான் பாத்துக்கறேன்" என்று அப்பாவிடம் சொன்னார் மாமா.

அம்மா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், அடங்கவில்லை. என்னவென்றே தெரியாமல் வெள்ளைக்காரக் கிழவியும் சிரித்தாள். கடைசியில் அப்பாவும் சிரித்துவிட்டார். கட்டுச்சோற்றில் அந்த அம்மாளுக்கும் ஒரு உருண்டை புளிச்சாதம் கொடுத்தோம். அவள் காரத்தில் அழுதாள், அம்மா சிரிப்பில் அழுதாள். திரும்பும் பஸ்ஸில் சிரிப்பு ஓய்ந்த பிறகும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கடற்காற்றில் மணல் விழுந்திருக்கும் என்று நான் ஊதிவிட்டேன்.

சோதனை தோற்றதால் அப்பா கிராம முன்சீப்பிடம் போய்ப் பன்னிரண்டாவது காகிதம் ஒன்று வாங்கி வந்தார். இன்னாரின் தற்போதைய தலையும் படத்தில் கண்ட தலையும் ஒரே நபருடையவையே என்று அதில் முத்திரையோடு எழுதியிருந்தது.

நான்காவது கப்பலின் நாள் வந்தது. முடி ஏழரை நூல். வாரினால் படிவேனா என்றது. எல்லோரும் மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போனோம். மாமா பெட்டியோடு அதிகாரியின் மேசை முன் நின்றார். கம்பித் தடுப்புக்கு இப்பால் நாங்கள் நின்றோம். மேசைக்கும் எங்களுக்கும் ஆறு தப்படி தூரம். அதிகாரி படத்தைப் பார்த்தார், தலையைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். அப்பா சட்டைப் பையிலிருந்து முன்சீப்பின் காகிதத்தை எடுத்துப் பிரித்து வைத்துக்கொண்டார்.

"எந்தக் கோயிலு?" என்றார் அதிகாரி.

"திருப்போரூர், சார்."

"எங்க வூட்லயும் அங்கதான் முடி எறக்குவோம்" என்று சொல்லி அவர் முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. முன்சீப்பின் காகிதத்தைக் கம்பி வழியே நீட்டி, சார், இதையும் பார்த்துவிடுங்கள் என்றார். அதிகாரி எழுந்து வந்து வாங்கிப் படித்தார்.

"இன்னாத்துக்கு சார் இதெல்லாம்? கப்பலேற்றவன்ல பாதி பேரு வேண்டுதல முடிச்சிட்டு மொட்டையோடத்தான் வர்றான். போன கப்பல்ல மட்டும் பதினோரு மொட்டை. யாரையாச்சும் நிறுத்தனேனா?"

மாமா எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டே போனார். அம்மாவும் சிரித்துக்கொண்டுதான் கையை ஆட்டினாள்.

அந்த மொட்டையைப் பற்றி அம்மா கடைசிவரை எதுவும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. மாமா அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே இருந்துவிட்டார். அம்மா உயிரோடு இருந்தவரை ஊருக்கு வந்தது நான்கு முறை. ஒன்பது நாள், பதினொரு நாள், பதினேழு நாள், பதிமூன்று நாள். கூட்டினால் ஐம்பது. இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது அம்மாவின் காரியம் முடிந்த பிறகுதான்.

மாமா கப்பலேறிய அன்று திரும்பும் ரயிலில் அப்பா செங்கல்பட்டு வரை பொருமிக்கொண்டே வந்தார். "அன்னைக்கே போயிருக்கலாம். மொட்டையோடயே போயிருக்கலாம். அந்த ஏஜெண்டு பேச்சைக் கேட்டு இத்தினி நாளு வீணாப் போச்சே" என்றார். அப்பா சொன்னதுதான் எனக்கும் சரியாகப் பட்டது. "ஆமாம்மா, ஐம்பத்தாறு நாள் வீண்" என்றேன்.

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா திரும்பினாள். என் தலையில் கையை வைத்து முடியைக் கோதினாள்.

"அம்பத்தாறா? நல்லா எண்ணினியா?"

"எண்ணினேன்."

"ஒரு நாளு கூட வுட்டுப் போவலையே?"

ஒன்றுகூட விட்டுப் போகவில்லை என்றேன். அம்மா என் கணக்கைச் சோதிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, மிகவும் பெருமையாகச் சொன்னேன்.