பெயர் ஒட்டாத மகளும் நானும்: கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு ஒரு காலைப் பயணம்

இரண்டு மாதத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டிய பதிவு இது. முடிவு தெரியாமல் ஊருக்கு ஆலோசனை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது தெரிந்துவிட்டது. கைக்குழந்தையோ பாலர் பள்ளிப் பிள்ளையோ வைத்துக்கொண்டு வெளிநாட்டுக்குப் படிக்கப் போகலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு இது உதவலாம்.

முதலில் என்னைப் பற்றி. பெயர் தேவிகா, வயது முப்பத்தொன்று, கிள்ளானில் ஒரு சிறுவர் மையத்தில் வேலை. பேச வராத பிள்ளைகளோடு எட்டு வருடம் இருந்த பிறகு அதையே முறையாகப் படிக்க ஆசை வந்தது. அடிலெய்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு வருட முதுகலைக்கு இடம் கிடைத்தது. கணவர் சரவணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அந்த வேலையை விட முடியாது, அதனால் இங்கேயே இருப்பார். மூன்றரை வயது மகள் யாழினி என்னோடு வருவாள் என்று பேசி வைத்திருந்தோம். அவளுக்கு விசா கிடைக்காவிட்டால் நானும் போவதில்லை என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன். அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

விஷயம் எங்கே சிக்கியது என்றால், பெயரில். நம் அடையாள அட்டையில் பெண்களுக்கு ‘ஏ/பி’ என்று இருக்கும், ஆண்களுக்கு ‘ஏ/எல்’. மலாய் மொழியில் ‘இன்னாரின் மகள்’, ‘இன்னாரின் மகன்’ என்று பொருள். பள்ளிக்கூடத்திலிருந்து எந்தப் பாரத்தைக் கொடுத்தாலும் யோசிக்காமல் ‘தேவிகா ஏ/பி முனியாண்டி’ என்று எழுதிப் பழகிய கை இது. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் குறுக்குக்கோடு ஏறவில்லை. சரி என்று கோட்டை எடுத்துவிட்டு ‘ஏபி முனியாண்டி’யைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டேன். இடம் கிடைத்ததாக வந்த கடிதம் ‘அன்புள்ள ஏபி அவர்களுக்கு’ என்று தொடங்கியது. சரவணன் ஒரு வாரம் என்னை ‘ஏபி’ என்றுதான் கூப்பிட்டார்.

சிரித்ததோடு விட்டிருக்கக் கூடாது. நான்கு மாதம் கழித்து யாழினியின் விசா பாரத்தை நிரப்பும்போது, ‘அதையெல்லாம் எழுதாதீர்கள், வெளிநாட்டுக்காரர்களுக்குக் குழப்பம்’ என்று ஏதோ இணையக் குழுவில் படித்தது ஞாபகம் வந்து, அவளுக்கு மட்டும் ஏ/பியை எடுத்துவிட்டேன். அவளுடைய பிறப்புப் பத்திரத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரோ என்னை ‘முனியாண்டியின் மகள் தேவிகா’ என்று எழுதிவிட்டார். ஆக, எனக்கு மூன்று பெயர், மகளுக்கு அதில் எதுவுமே ஒட்டாத ஒரு பெயர். விசா அதிகாரியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: பத்திரத்தில் உள்ள தாயும் விண்ணப்பதாரரும் ஒருவர்தானா, குழந்தையோடு உங்களுக்கு என்ன உறவு, விளக்கவும். வெள்ளிக்கிழமைக்குள்.

என்ன உறவா? அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது.

வியாழக்கிழமை காலை கிளம்பினோம். விளக்கத்தைச் சத்தியப்பிரமாணமாக எழுதி அனுப்ப வேண்டும். அதைச் சட்டப்படி உறுதி செய்கிறவர் கிள்ளானிலும் உண்டு. ஆனால் இந்த மாதிரி வேலைக்குத் தலைநகரில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு இடம் இருப்பதாகவும், தட்டச்சு அடிப்பது, கையெழுத்து, ஸ்கேன் எல்லாம் ஒரே மாடியில் முடிந்துவிடும் என்றும் மையத்தில் ஒரு தோழி சொல்லியிருந்தாள். காலை ஏழுக்குச் சரவணன் எங்களைக் கிள்ளான் ஸ்டேஷனில் இறக்கிவிட்டுத் துறைமுகத்துக்குப் போனார். கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் ஒரு மணி பத்து நிமிடம். கார்டில் ஐந்து ரிங்கிட் சொச்சம் கழிந்தது, யாழினிக்கு இலவசம். நடுவில் இருக்கும் பெண்கள் பெட்டியில் ஏறுங்கள். சுபாங் ஜெயா வந்ததும் கூட்டம் முட்டும், அதற்குள் உட்கார்ந்துவிட வேண்டும். பத்திரங்கள் இருந்த கோப்பை மடியில் வைத்து, கோப்பின் மேல் மகளை வைத்துக்கொண்டேன். அசல் பத்திரம் இருக்கிறதா என்று ஷா ஆலமில் ஒரு தடவை, பெட்டாலிங்கில் ஒரு தடவை திறந்து பார்த்தேன்.

சென்ட்ரலிலிருந்து பேரங்காடி வழியாக நடந்தால் பத்து நிமிடத்தில் பிரிக்பீல்ட்ஸ். பிள்ளையோடு நடந்தால் இருபது, வழியில் பூக்கடைகள் இருக்கின்றன. தோசை, குடிக்க அவளுக்கு மிலோ, எனக்குத் தே, மொத்தம் பதினொரு ரிங்கிட்டில் பசியாறினோம். ஒன்பதுக்கு, சேலைக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்த அந்த அலுவலகத்துக்குப் போனோம். லிஃப்ட் கிடையாது. தள்ளுவண்டி கொண்டுபோகாதீர்கள்.

தட்டச்சு மேசையில் இருந்த அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். கோப்பைத் திறந்து இரண்டு தாளைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது அவருக்கு.

“ஏபி கேஸா? உட்காருங்க. போன வாரம் ஒரு பையன் வந்தான், ஆஃபர் லெட்டர்ல ‘மிஸ்டர் ஏஎல்’னு போட்டிருக்கு. அவன் அப்பா அதைப் பார்த்துட்டு ‘அப்போ நான் யாரு’ன்னு கேக்கறாரு.”

“இதுக்கு ரெடியா பாரம் வச்சிருக்கீங்களாக்கா?”

“வருஷக்கணக்கா வச்சிருக்கேன்லா. பேரை மாத்தினா போதும்.” பிறகு யாழினியைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். “ஆனா அது தனியா போற பிள்ளைங்களுக்கு உள்ளது. அம்மாவும் மகளும்னு இதுவரைக்கும் யாரும் வரல. உங்க பேருக்கும் பாப்பா பேருக்கும் நடுவுல ஒண்ணுமே ஒட்டலையே. நீங்க முனியாண்டி, அவ சரவணன். எப்படி எழுதறது? நீங்களே சொல்லுங்க, நான் அடிக்கிறேன்.”

பேச வராத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். இவள் என் மகள் என்பதற்கு ஒரு வாக்கியம் அமையாமல் உட்கார்ந்திருந்தேன். யாழினி அதற்குள் ஸ்டேப்ளரை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள். “யாழி, கீழ வை” என்று பிடுங்கினேன். அவள் அழ, நான் தூக்கித் தோளில் போட, அப்படி நின்றுகொண்டே சொல்லிவிட்டேன்:

“எங்கள் வழக்கத்தில் குடும்பப் பெயர் கிடையாது. நான் என் தகப்பனார் பெயரைச் சுமக்கிறேன். என் மகள் அவள் தகப்பனார் பெயரைச் சுமக்கிறாள். அதனால் எங்கள் இருவர் பெயரும் ஒன்றாக இருக்காது. ஆனால் இவளைப் பெற்றது நான்.”

அக்கா அடிப்பதை நிறுத்தினார். “சுமக்கிறேனா? கவர்மெண்ட் லெட்டர்மா இது. ‘பயன்படுத்துகிறேன்’னு ஆங்கிலத்துல போட்டுடறேன், சரியா?”

“கடைசி வரி?”

“அது இருக்கட்டும். அதை ஏன் தொடணும்?”

உள் அறையில் இருந்த அங்கிள்தான் உறுதி செய்கிறவர். அடையாள அட்டை அசல், பாஸ்போர்ட் அசல், இரண்டையும் மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்தார். முழுவதையும் என்னைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்.

“அங்கிள், இது போதுமா? நீங்க சீல் போட்டா நம்புவாங்களா?”

“நீ சொல்றது உண்மைன்னு நான் சீல் போடலம்மா. என் முன்னாடி நின்னு நீ சொன்னேன்னுதான் போடறேன். உண்மை உன் பொறுப்பு.” என் தோளில் தலை சாய்த்திருந்த யாழினியை எட்டிப் பார்த்தார். “பாப்பா, இது யாரு?”

அழுது முடித்த மயக்கத்தில் இருந்த அவள் என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, “போ” என்றாள்.

“சரி, சாட்சி சொல்லிட்டா” என்று சீலை எடுத்தார்.

அடிக்க முப்பது ரிங்கிட், பிரமாணத்துக்கும் இணைப்புகளுக்கும் பதினெட்டு. ஸ்கேன் செய்து அங்கேயே பதிவேற்றியபோது மணி பதினொன்றே கால். வாழை இலைச் சாப்பாடு ஒன்று வாங்கி இருவரும் சாப்பிட்டு, ஒரு மணி ரயிலில் திரும்பினோம். வழியெல்லாம் யாழினி தூங்கினாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. ‘பயன்படுத்துகிறேன்’ என்ற சொல் சரியா என்று கிள்ளான் வரை யோசித்துக்கொண்டு வந்தேன்.

இருபத்திரண்டு நாள் பதில் இல்லை. ஒரு சனிக்கிழமை காலை பாசாருக்குக் கிளம்பும் நேரத்தில் விசா வந்தது. “ரெண்டு பேருக்கும் வந்துடுச்சா?” என்று சரவணன் கேட்டார். வந்துவிட்டது என்றேன். நல்லது என்று சொல்லி, காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். திரும்பி வந்தபோது வாங்கச் சொன்னதில் பாதியைக் காணோம்.

இனி போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது. பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ, முதல் விண்ணப்பத்திலிருந்து கடைசி வரை அப்படியே எழுதுங்கள். ஏ/பி, ஏ/எல் விஷயத்தில் எப்படி எழுதுவது என்று பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், இரண்டே நாளில் பதில் சொல்கிறார்கள். நான்தான் கேட்கவில்லை. பிள்ளைக்கும் உங்களுக்கும் ஒரே நாளில், ஒரே முறையில் நிரப்புங்கள். பிறப்புப் பத்திர மொழிபெயர்ப்புக்கு மூன்று வேலை நாள் ஆகும். வாங்கும்போதே எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். பிள்ளையோடு வராத தாய் அல்லது தகப்பனின் ஒப்புதல் கடிதம் தனியாக வேண்டும். குழுக்களில் படிப்பதை நம்பாதீர்கள், இந்தப் பதிவையும் சேர்த்துத்தான். விதிகள் மாறும், தூதரகப் பக்கத்தைப் பாருங்கள்.

இன்னொன்று. பிள்ளைக்கு அப்பாவின் போன் நம்பரை மனப்பாடம் செய்யச் சொல்லிக்கொடுங்கள், ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். எங்கள் வீட்டில் அது சரவணன் எடுத்துக்கொண்ட வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் யாழினியை மடியில் வைத்து ஒவ்வொரு எண்ணாகச் சொல்கிறார். அவள் எல்லாம் சரியாகச் சொல்லி, கடைசி இரண்டை மட்டும் மாற்றிவிடுகிறாள். நான் திருத்தப் போனால், “விடுலா, இன்னும் மூணு வாரம் இருக்கு” என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.